வலைப்பழஞ்சரக்கு இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

இந்நூல் என் நுதலிற்றோ எனின், ஒருவர் பயன்படுத்திக் கழித்த பொருளை மற்றொருவர் படம் பிடித்து, முகம் அறியாத மூன்றாமவருக்கு வலைவழி விற்கும் தொழிலின் தொகை, வகை, விரி உணர்த்துதல் நுதலிற்று. காயலான் கடை இதற்கு முதல்நூல். மூர் மார்க்கெட் வழிநூல். கைப்பேசி சார்புநூல். சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1900இல் திறந்த அந்த மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும்வரை, பேரம் பேசுகிறவர் பொருளைக் கீழே வைத்துவிட்டு நாலடி நடப்பார். "இந்தா சார், வா, கொண்டு போ" என்று கடைக்காரர் கூப்பிடுவார். கைப்பேசியில் நாலடி நடக்க இடமில்லை. ஆதலின் புதிதாக ஓர் இலக்கணம் வேண்டிற்று.

நூலின் எல்லை, சிக்னல் கிடைக்கும் இடம்வரை. கேட்டற்கு உரியோர், பரண் உடையோரும், பரண் இல்லாத அடுக்குமாடியில் இருந்துகொண்டு பிறர் பரணுக்கு ஏங்குவோரும். பயன், பரண் காலியாதல், ஒருசிலருக்கு நிரம்புதல்.

பொருளியல்

இறங்குவ கிடப்ப ஏறுவ என்றாங்கு
முத்திறத் தனவே மூத்த சரக்கே.

வாங்கிய மறுநாளிலிருந்து விலை குறைந்துகொண்டே வருவது இறங்குவது. மிக்ஸி, மொபைல், சோபா, மகன் ஆசைப்பட்டு வாங்கித் துணி காயப்போடும் கொடியாகிவிட்ட ஜிம் சைக்கிள் எல்லாம் இதன்பாற்படும். இதற்குச் செகண்ட் ஹேண்ட் என்று பெயர். ஆண்டுக்கு ஆண்டு விலை கூடுவது ஏறுவது. இதற்கு வின்டேஜ் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே, யாரும் கேட்காமல், விலை என்று ஒன்றே இல்லாமல், பரணிலும் கட்டிலடியிலும் இருப்பது கிடப்பது. ஊரார் இதைக் குப்பை என்பர். இந்நூலின் நாயகன் இதுவே.

இப்பாகுபாட்டை 1979இலேயே மைக்கேல் தாம்சன் என்னும் ஆங்கிலேய மானிடவியலாளர் குப்பைக் கோட்பாடு என்ற நூலில் சொல்லிவிட்டார். அவர் காட்டும் சான்று, விக்டோரியா காலத்தில் கவென்ட்ரி நகரத் தறிகளில் நெய்த பட்டுச் சித்திரங்கள். வந்த புதிதில் சில்லறைக்கு விற்றன, பிறகு சீந்துவாரில்லை, பிறகு ஏலத்தில் அடிதடி. இறங்குவது நேரே ஏறுவதாக மாறுவதில்லை, நடுவில் குப்பையாகக் கிடந்தே தீர வேண்டும் என்பது அவர் கண்ட விதி. நம் வீட்டு அம்மாக்கள் இதன் நடுப்பகுதியை அவருக்கு முன்பே அறிவார்கள். "எதுக்குடா இந்தக் குப்பையெல்லாம்?" என்பது அவர்கள் செய்த நூற்பா.

பழையதானதால் விலை ஏறிற்று என்பாரும் உளர். அற்றன்று. என்னை? பழமையே காரணமெனின், எம்ஜிஆர் மறைந்த மறுநாள் வந்த நாளிதழ் இன்று பவுன் விலைக்குப் போக வேண்டும். போவதில்லை. அன்று எத்தனையோ வீடுகளில் அதை மடித்துப் பீரோவில் வைத்தார்கள். இன்னும் அங்கேயே இருக்கிறது. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை யாரும் அப்படி வைக்கவில்லை. கதைச் சுருக்கம் என்று தொடங்கி, கதாநாயகி ஆற்றில் விழும் இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடும் அந்தச் சாணித் தாள், படம் ஊரைவிட்டுப் போனதும் வேர்க்கடலைப் பொட்டலமாயிற்று. அப்படி ஆனதால்தான், ஆகாமல் தப்பிய ஒன்றிரண்டுக்கு இன்று ஆள் அலைகிறது. தீப்பெட்டி லேபிள், நாடக நோட்டீஸ், பஸ் டிக்கெட்டுக்கும் இதுவே விதி. ஆகவே, ஒரு பொருளின் விலையை ஏற்றுவது அதை வைத்திருந்தவரின் பொறுமை அன்று, எறிந்த மற்ற எல்லாருடைய அவசரம். நாலு பேர் பத்திரப்படுத்துவதைத் தானும் பத்திரப்படுத்துகிறவர் இத்தொழிலுக்கு ஆகார்.

இதற்கு மேற்கோள் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதியவர். நூலும் இதழும் சேர்த்ததோடு நில்லாமல், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று ஊர் கழித்த தாளையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அமைந்தது. கல்யாணப் பத்திரிகையைத் தேதி முடிந்ததும் கிழித்துப்போடுகிற நாமெல்லாம் அந்த நூலகத்துக்கு மறைமுகப் புரவலர்கள்.

பித்தளைக்கும் இதுதான் கதை. எவர்சில்வர் வந்த காலத்தில், தெருவில் கூவி வந்த பாத்திரக்காரரிடம் அண்டாவையும் பித்தளைப் பானையையும் எடைக்குப் போட்டு, பளபளவென்று நாலு டிபன் பாக்ஸ் வாங்கினார்கள் பாட்டிமார்கள். பேத்திமார்கள் இப்போது இன்ஸ்டாகிராமில் அதே பித்தளைப் பானையைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான், பித்தளையில் புளிக்குழம்பு வைக்க ஈயம் பூச வேண்டும், பூசுகிறவர் தெருவுக்கு வருவதை நிறுத்திப் பல காலமாயிற்று என்று தெரிகிறது. பானையில் மணிபிளான்ட் வளர்கிறது.

கல் என்னும் பிரிவுக்குத் தனி விதி உண்டு. ஆட்டுக்கல், அம்மி, உரல் மூன்றும் ஏறுவனவே. ஆனால் கூரியரில் ஏறா. குட்டியானை வண்டி வாடகை கல்லின் விலையைத் தாண்டும்.

விற்போரியல்

பரணர் கிலோவர் சேர்ப்பர் செய்வரென
நால்வகைப் படுமே விற்போர் குழாமே.

ஈண்டுப் பரணர் என்றது சங்கப் புலவரை அன்று, பரண் உடையாரை. தாத்தா காலமாகி, வீட்டைப் பாகம் பிரிக்கையில் தோன்றுவோர் இவர். தாத்தாவின் சாமான் எல்லாம் லட்சம் பெறும் என்பது இவர் துணிபு. இவரை நகைத்தல் கூடாது. 1990இல் கானமன், நெட்ச், தேலர் என்னும் ஆய்வாளர் மூவர் வெளியிட்ட சோதனையில், மாணவர் சிலருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். வாங்க வந்தவர்கள் சொன்ன விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள் கோப்பையை வைத்திருந்தவர்கள். அது அவர்கள் கைக்கு வந்து சற்று நேரமே ஆகியிருந்தது. பாட்டி ஆயுள் முழுக்க மிதித்த சிங்கர் மெஷினுக்கு மடங்கு எவ்வளவு என்பது கணக்கறிந்தார்க்கு விளங்கும். அதற்கு மேலும் ஒன்று உண்டு. 2009இல் சவுதி அரேபியாவில் ஒரு வதந்தி கிளம்பிற்று. பழைய சிங்கர் தையல் மெஷினுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறதாம். ஊசிப் பக்கம் மொபைலைக் காட்டினால் லைன் கட்டாகுமாம். மெஷின் விலை தாறுமாறாக எகிறியது. அந்த வதந்தியின் பேரப்பிள்ளைகள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. லைன் எங்கள் தெருவிலும் கட்டாகிறது, மெஷின் இல்லாமலேயே.

கிலோவர் ஆவார், காயலான் கடையில் கிலோ விலைக்கு எடுத்து, வலையில் பீஸ் விலைக்குப் போடுவோர். இந்நால்வருள் கற்றறிந்தார் இவர் ஒருவரே என்பது என் கருத்து. பித்தளைக் குவியலுக்குள் கையை விட்டு, கண்ணால் பாராமலே வெண்கலத்தைத் தட்டிப் பிரிப்பார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் இவருக்குப் பல்கலைக்கழகம். செட்டிநாட்டு வீடுகள் பிரியும்போது இறங்கும் பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஸ்வீடன் எனாமல் தூக்கு எல்லாம் அங்கே வந்து, அங்கிருந்து படமாகி உலகெங்கும் போகின்றன. கிலோவரை அவர் எடுத்த படத்தால் அறியலாம். பொருள் மொசைக் தரையில் இருக்கும். ஓரத்தில் ஒரு கால் கட்டைவிரல் தெரியும். பித்தளைச் செம்பை உற்றுப் பார்த்தால், அதன் வயிற்றில் கைலியும் கைப்பேசியுமாகக் குனிந்து நிற்கும் அவரே குறுகித் தெரிவார். பரணர் எடுத்த படத்திலோ பொருள் மங்கிக் கிடக்க, பின்னால் ஓடும் சீரியல் தெளிவாக விழும்.

கிலோவரின் ஒரே பிழை புளி. படம் எடுக்குமுன் எதையும் புளி போட்டுத் தேய்த்துவிடுவார். உள்ளூர் அத்தைக்கு மின்ன வேண்டும்; வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு மின்னக் கூடாது, காலம் ஏற்றிய களிம்பு வேண்டும். காசையும் அப்படித் தேய்த்தால் போச்சு. தேய்த்த நாணயத்தைக் காசு சேர்ப்போர் கையாலும் தொடார்.

சேர்ப்பர் விற்பதாக அறிவித்து விற்காதோர். இவரிடம் இரண்டு இருந்தால்தான் ஒன்று வெளியே வரும். பீட்டில்ஸ் பாடல்கள் இந்தியாவில் 1960களிலும் 78 வேக அரக்குத் தட்டில் வந்தன. மேல்நாட்டில் 78 வேகம் அதற்குள் வழக்கொழிந்துவிட்டதால், அந்த இந்தியத் தட்டுக்கு அங்கே பெருங்கிராக்கி. அப்படி ஒன்றை வைத்திருக்கும் சேர்ப்பர் படம் போடுவார், விலை போடமாட்டார். கேட்டால், "சும்மா காட்டினேன்" என்பார். இவர் விற்போருள் வைத்து எண்ணப்படுதல் மரபு நோக்கி.

இனிச் செய்வர். பழமையைப் புதிதாகச் செய்வோர் இவர். இவ்வகை விரித்து உரைக்கற்பாலது.

முதலில் கடிகாரம். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்எம்டியின் கடிகார நிறுவனத்தை 2016இல் மூட முடிவெடுத்தார்கள். அதுவரை மாமனார் மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டதைத் தவிர வேறு பெருமை இல்லாத 'ஜனதா' உடனே ஏறுவன பட்டியலில் சேர்ந்தது. தேவை கூடியதும் தொழிலும் கூடியது. பழைய முகத்தட்டைச் சுரண்டி, ஆலை கனவிலும் காணாத மயில்நீலம், குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் பூசி, மேலே எழுத்தை மறுபடி அச்சிட்டு அனுப்புகிறார்கள். கடிகாரம் சேர்ப்போர் வழக்கில் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயர். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால், எழுத்தின் ஓரம் மசிந்திருக்கும். நிமிடக் கோடுகளின் இடைவெளி ஒன்றுபோல் இராது. பன்னிரண்டுக்கு நேரே வர வேண்டிய கோடு மயிரிழை தள்ளி நிற்கும். கேஸ் ஒரு கடிகாரத்தினுடையது, முள் வேறொன்றினுடையது, உள்ளே ஓடுவது மூன்றாவது. ஆயினும் ஓடும். சாவி கொடுத்தால் சரியாகவே மணி காட்டும். மும்பை ஸ்பெஷலைப் போலி என்று முழுதும் தள்ள என் மனம் ஒப்பவில்லை. மூன்று பிணத்திலிருந்து ஓர் ஆளை எழுப்பியவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்றா சொல்வது?

அடுத்து, பித்தளைக் குழல் வைத்த கிராமபோன். நாய் கேட்டுக்கொண்டிருக்கும் எச்எம்வி படம் பெட்டியில் ஒட்டியிருக்கும். பழைய சூட்கேஸ் மாடல் ஒன்றின் மோட்டாரைப் பிடுங்கி, புதுப் பலகையில் பெட்டி அடித்து, புதுப் பித்தளையில் குழல் வளைத்துச் சேர்த்தவை இவற்றுட் பல. பாடவும் பாடும், கரகரத்து. ஹோட்டல் வரவேற்பறைக்கு இது போதும். எல்பி தட்டை மட்டும் அதில் வைக்க வேண்டா. எஃகு ஊசி தட்டை உழுதுவிடும்.

காசு மூன்றாவது. ராமர், சீதை, லட்சுமணர், அனுமன் பொறித்து, மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818' என்று போட்ட செம்புக் காசு லட்சங்களுக்கு விற்பனைக்கு வருகிறது. சிலவற்றில் ஆண்டு 1616. கம்பெனி தொடங்கிய 1600க்குப் பதினாறே ஆண்டு கழித்து அது இந்நாட்டில் அணா அடித்ததாம். கம்பெனி வெளியிட்ட காசுகளுள் இவை இல்லை. பக்தர்களுக்கு விற்ற வில்லைகளும் அவற்றின் வாரிசுகளுமே இவை. கம்பெனி சென்னையில் கோபுரமும் நட்சத்திரமும் பொறித்து அரைப் பகோடா வெள்ளிக் காசு அடித்தது என்னவோ உண்மை. அதற்கு இவ்வளவு விளம்பரம் இல்லை.

சொல்லியல்

அரிதென மொழிவ பெரிதும் உளவே.

இதற்கு உரை வேண்டா. 'ரேர்' என்று தேடிப் பார்க்க. 'ஒர்க்கிங் கண்டிஷன்' எனின் ஒரு தரம் ஓடியது என்றும், 'செக் பண்ணவில்லை' எனின் செக் பண்ணினார் என்றும் கொள்க.

வாங்குவோரியல்

உளதோ என்றே வினவி, உளதெனின்
ஒளிந்து மறைதல் முதல்வகை ஆகும்.

"அவைலபிளா?" என்று கேட்பார். "இருக்கு சார்" என்றால் அத்தோடு காணாமற்போவார். இவர் எதை நாடிக் கேட்டார் என்பது ஆராய்ச்சிக்குரியது. உலகில் அப்பொருள் இன்னும் இருக்கிறது என்னும் நிம்மதியே இவர் வேண்டுவது போலும்.

இரண்டாம் வகையார் கதை கேட்போர். "இது யாரு வச்சிருந்தது? எந்த ஊரு?" என்று தொடங்கி, பாட்டியின் பெயர்வரை கேட்டு, கதையை வாங்கிக்கொண்டு பொருளை விட்டுவிடுவார். மூன்றாம் வகையார் பழுது நாடுவோர். 1995இல் ஈபே ஏலத்தளத்தைத் தொடங்கியபோது பியர் ஓமிடியார் சோதனைக்காகப் போட்ட உடைந்த லேசர் சுட்டி 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போயிற்று. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்கினீர்களா என்று அவர் கேட்க, நான் உடைந்த சுட்டிகளைச் சேர்க்கிறவன் என்று பதில் வந்ததாக அந்நிறுவனத்தின் தலபுராணம் கூறும். நம்மூரில் இவ்வகையினர் ரேடியோ மெக்கானிக்குகள். ஓடாத மர்பி ரேடியோவை ஓடுவதைவிட விரும்பி வாங்குவார்கள்; வால்வுக்காக.

விலையியல்

கடைவிலை வினவுதல் முதற்கண் நிகழும்.

"அண்ணா, லாஸ்ட் பிரைஸ்?" என்பதே உரையாடலின் தொடக்கம். முதல் விலையை யாரும் கேட்டறியார். "போட்டிருக்கிற விலைதான் தம்பி." "பாத்துப் போட்டுக் குடுங்கண்ணா." "எவ்வளவுக்கு வேணும்?" இதற்குத் தம்பி சொல்லும் எண், போட்ட விலையில் மூன்றில் ஒன்று. அண்ணன் சினந்த முகம் ஒன்றை அனுப்புவார். மறுநாள் இருவரும் பாதிக்குச் சற்று மேல் முடிப்பார்கள். இதை நாகரிகக் குறைவு என்பார் உளர். பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில், விற்பவர் எவ்வளவு வளைகிறார் என்பதைத் தொட்டுப் பார்க்கிறார் வாங்குபவர், அவ்வளவே.

இதற்கு அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் காரணம் காட்டியுள்ளார். பழைய கார் சந்தையில் எது நல்லது, எது ஓட்டை என்பது விற்பவருக்கு மட்டும் தெரியும். வாங்குபவர் எல்லாவற்றையும் ஓட்டை என்றே ஐயுற்று விலையைக் குறைப்பார். குறைந்த விலைக்கு நல்ல கார்க்காரர் வண்டியைக் கொண்டுவரவே மாட்டார். முடிவில் சந்தையில் ஓட்டையே மிஞ்சும். 2001இல் இவர் நோபல் பரிசைப் பங்கிட்டுக்கொண்டார். மும்பை ஸ்பெஷல் பெருகப் பெருக, அசல் ஜனதா வைத்திருப்பவர் அதை மறுபடி கையில் கட்டிக்கொண்டு வலையை விட்டு வெளியேறுவது இக்கோட்பாட்டின்படியே.

குற்றவியல்

1972இன் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் பிறவும் தொல்பொருள். மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. ஆதலின் விளம்பரத்தில் '150 வருஷப் பழமை' என்று பெருமை பேசும் பரணர், தம் கையாலேயே வாக்குமூலம் எழுதுகிறார். பொருள் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியிராது என்பது அவர் அதிர்ஷ்டம். தாத்தாவின் தந்தச் சீப்பை விற்கப் போடுவாருக்கு வனவிலங்குச் சட்டம் தனியே உண்டு.

டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருவதாகவும், அதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும் வருவன எல்லாம் புரட்டு. ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 2021இல் அந்த வங்கியே எச்சரிக்க வேண்டியதாயிற்று. அரிசியை இழுக்கும் செம்புக் கலசம் பற்றி 'சதுரங்க வேட்டை' படம் பார்த்தோர்க்கு விளக்க வேண்டா. பார்த்த பின்னும் வாங்குவோர் உளர். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், உங்கள் சோபாவை நேரில் பார்க்க வேண்டாம், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள் பணம் வரும் என்போரும் உளர். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் வேண்டியதே இல்லை. இவ்வொன்றை மட்டும் மாணாக்கர் மனப்பாடம் செய்க.

புறனடை

சொல்லா தனவும் சொல்லிய வாற்றான்
பாதி விலைக்குப் பகர்ந்துகொளல் கடனே.

இவ்விதியாலும் அடங்காத ஒன்று உண்டு. கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில். எழுத்துப் புடைத்த பழைய பாட்டில்கள் வலையில் வின்டேஜ் ஜார் என்று நல்ல விலைக்குப் போகின்றன. ஆனால் நம் அடுக்களையில் இருப்பது எந்த வகை? அதற்குத் தனியே விலை கொடுக்காததால் அது இறங்கவில்லை. உள்ளே துவரம்பருப்பு இருப்பதால் கிடக்கவுமில்லை. கிடக்காதது ஏறாது என்பது விதி.

தெருவில் வந்த கிலோவர் ஒருவர் அதை எட்டிப் பார்த்துவிட்டார். "அம்மா, அந்த பாட்டில குடுத்துடுங்க. பதிலுக்குப் புதுசா ரெண்டு பிளாஸ்டிக் டப்பா தரேன்."

"ஏம்ப்பா, பிளாஸ்டிக்குல பருப்பைக் கொட்டினா வண்டு வருமே, அதுக்கு யாரு பொறுப்பு?"

இவ்வினாவுக்கு விடை தாம்சன் நூலிலும் இல்லை.